ஐயாத்துரையின் பின் சீட்டு

ஐயாத்துரை மதுரையில் தங்கிப் படித்து பி.ஏ. வாங்கினான். வாங்கிய பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திருச்சுழி பஜாரில் அப்பாவின் பிண்ணாக்குக் கடைச் சுவரில் மாட்டினான். பருத்திக்கொட்டைத் தூசி படிந்து படிந்து, ஒரு வருஷத்துக்குள் உள்ளே இருப்பது பட்டமா சாமி படமா என்று தெரியாமல் போனது. மாட்டுக்கு எள்ளுப் பிண்ணாக்கு வாங்க வந்த நரிக்குடிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். படிப்புக்கு அவன் வாழ்நாளில் கிடைத்த மரியாதை அதுதான்.

அப்படிப்பட்ட படிப்பாளிக்கு அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடியில் ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது. பேர் எழுதி வைத்து ஏழு வருஷம் காத்திருந்த வண்டி. எழுதி வைக்கும்போது கல்யாணமாகி ஆறு மாசம். வண்டி வரும்போது இரண்டு பெண்பிள்ளைகள். பேர் எழுதிய அன்றைக்கே அவன் மனசில் ஒரு படம் இருந்தது. அவன் ஓட்டுகிறான், பின் சீட்டில் பெண்சாதி சண்முகவடிவு உட்கார்ந்திருக்கிறாள், காற்றில் அவள் முந்தானை அடிக்கிறது. அவ்வளவுதான் படம். இதற்கு மேல் பெரிய ஆசை என்று அவனுக்கு எதுவும் இருந்ததில்லை.

வண்டி வந்து இரண்டரை வருஷத்தில் அந்தப் பின் சீட்டில் எள்ளுப் பிண்ணாக்கு மூட்டை ஏறியது. கடலைப் பிண்ணாக்கு மூட்டை ஏறியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஏறினார். எதிர்த்த பலசரக்குக் கடை சுப்புராஜ் அண்ணாச்சி நினைத்தபோதெல்லாம் ஏறினார். அவர் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று பந்தல்குடி வரைக்கும் போய் வந்தது. வடிவு ஏறவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. திருச்சுழி பஜாரில் புருஷன் முன்னால் போவான், பெண்சாதி நாலடி பின்னால் வருவாள். பஸ்ஸில் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மாட்டுவண்டியில் போனால் அவள் பின்பக்கம் பார்த்து உட்காருவாள். ஸ்கூட்டரில் இந்த நாலடியை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் விழுந்துவிடுவாள். பிடித்துக்கொள்வதென்றால் எதைப் பிடிப்பாள்? தோளையா, இடுப்பையா? அதுவும் அப்பா வெள்ளத்துரை கடை வாசலில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கும்போது? ஐயாத்துரை இதைப் பல மாதம் யோசித்தான். கடைசியில் படித்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தான்: வடிவு கூச்சப்படுகிறாள்.

அவளைக் கேட்டானா என்றால், கேட்கவில்லை. கூச்சப்படுகிறவளிடம் போய்க் கூச்சமா என்று கேட்டால் அவள் இன்னும் கூச்சப்பட மாட்டாளா? யாராவது விசாரித்தால், "வீட்ல ரொம்பக் கூச்சப்படுறாக" என்று சொல்லிவிட்டு ஹாண்டில்பாரைத் துடைப்பான். சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எழுபத்திரண்டு தைப் பொங்கல் நெருங்கும்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. நம்மைத் தெரிந்தவர்கள் இல்லாத ஓர் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்விட்டால்? சுற்றிலும் தண்ணீர், நடுவில் நிலம், ரயிலைத் தவிர வேறு வழியில்லாத இடம். ராமேஸ்வரம் தீவு! அங்கே நம் ஊர் மாட்டுவண்டி வராது, பஸ்ஸு வராது. அதிலும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் பயமே இல்லை. ஊர்ப் பயல்கள் அத்தனை பேரும் மஞ்சுவிரட்டுப் பார்க்கப் போயிருப்பார்கள். அன்றைக்குக் கடைக்கு லோடு வராது என்று லாரிக்காரரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஏன் வராது என்று ஐயாத்துரை கேட்கவில்லை. எல்லாம் தனக்காகவே கூடி வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளத்துரையிடம் போய்ச் சொன்னான். "ஞாயித்துக்கெழமை ராமேஸ்வரம் போயிட்டு வாரோம்ப்பா."

அவர் விசிறியை நிறுத்தி மகனை ஏற இறங்கப் பார்த்தார். கோயில் வாசலைக் கூட வண்டியில் உட்கார்ந்தபடியே கடந்துபோகிற மகன். "நல்லதுதான். போயிட்டு வா" என்றார்.

"வண்டியையும் ரயில்ல ஏத்திக் கொண்டு போறேன்."

"அதை எதுக்குலே? அதுக்கும் தீர்த்தமாட்டணுமா?"

ஐயாத்துரை சுற்றிப் பார்ப்பதற்கு வசதி என்று என்னவோ சொன்னான். அவர் மறுபடியும் விசிற ஆரம்பித்தார்.

வடிவிடம் திட்டத்தை விளக்கினான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் திருச்சுழியில் ரயில் ஏறி மானாமதுரையில் இறங்க வேண்டும். அவன் நரிக்குடி வழியாக ஸ்கூட்டரில் அங்கே வந்துவிடுவான். வண்டியை ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் போகலாம்.

"மானாமதுரை வரைக்கும் நான் எதுக்குத் தனியா ரயில்ல?" என்று கேட்டாள்.

"பஜார் வழியா எப்படி வடிவு? நீ கூச்சப்படுவே."

வடிவு "சரி" என்றாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அவளுடைய "சரி" என்ற சொல் எத்தனை வகை என்று ஐயாத்துரை எண்ணிப் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே வகைதான்.

பிள்ளைகளை அம்மா தங்கம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மானாமதுரையில் பெட்ரோல் டாங்கைக் காலி பண்ணினால்தான் வண்டியை ரயிலில் ஏற்றலாம் என்றார்கள். சட்டத்தை மதிக்கிறவன் அல்லவா, கடைசிச் சொட்டு வரை வடித்து அங்கே இருந்த ஆட்டோக்காரரிடம் கொடுத்தான். ரயிலில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் கையில் எல்லாம் எள்ளுப் பொட்டலமும் தர்ப்பைக் கட்டும். வயசான ஆண்கள் மடியில் தேங்காய். ஐயாத்துரை கம்பியில் தொங்கிக்கொண்டு, 'பொங்கல் கூட்டம்' என்று தீர்மானித்தான்.

விடிகாலையில் தீவில் இறங்கி, வண்டியை வாங்கிக்கொண்டு, "இங்க பெட்ரோல் பங்கு எங்கிட்டு இருக்கு?" என்று ஒருவரைக் கேட்டான்.

"அக்கரையில" என்றார் அவர், வந்த திசையைக் காட்டி.

ஆக, தீவைச் சுற்றிப் பார்க்க வந்த ஐயாத்துரை ஊர் பூராவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். தெரு முழுக்க ஈரத் துணியோடு ஜனங்கள். அவன் தள்ள, நாலடி பின்னால் வடிவு ஒரு கையில் சோற்றுத் தூக்குவாளியும் மறு கையில் தண்ணீர்ச் செம்புமாக வந்தாள். கடல் சூழ்ந்த இடத்துக்கும் திருச்சுழியிலிருந்தே தண்ணீர் வந்தது. எங்கே போனாலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கால்மணி நேரப் பயணத்துக்கும் ஒரு செம்பு உண்டு.

ஊர்க்கோடியில் ஸ்டேஷனுக்கு மீன் லோடு ஏற்றிக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் லாரிக்காரர் ஒருவர் மனமிரங்கி இரண்டு பாட்டில் பெட்ரோல் கொடுத்தார். எண்ணெய் கலந்து ஊற்றி உதைத்தான். பதினேழாவது உதையில் வண்டி பிடித்தது. ஆனால் அங்கேயும் அவன் வடிவை ஏறச் சொல்லவில்லை. லாரிக்காரர் பார்க்கிறார் அல்லவா? வண்டியை ஓடவிட்டுத் தள்ளிக்கொண்டே கடைசி வீடு தாண்டி, கடைசி நாய் தாண்டி, இரண்டு பக்கமும் முள்ளடர்ந்த உடைமரம் மட்டும் இருக்கிற இடத்துக்கு வந்தான்.

தொண்டையைச் செருமினான். "ஏறிக்கோ வடிவு. பயப்படாதே. கூச்சப்படாதே. இங்க யாரும் இல்ல."

அவன் முடிப்பதற்குள் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, தூக்குவாளியை மடியில் வைத்து, "போகலாம் அத்தான்" என்றாள். அவள் கை அவன் தோளில் விழுந்தது.

கூச்சப்பட்டது ஐயாத்துரைதான். ஒன்றரை மூட்டைப் பிண்ணாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரை மேல் ஓட்டியவன், தோளில் ஒரு கை விழுந்ததும் கிளட்சை எங்கே விடுவது என்று மறந்துபோனான். வண்டி இரண்டு துள்ளு துள்ளி மணலுக்குள் இறங்கிச் சாய்ந்தது.

வடிவு எழுந்து சேலையைத் தட்டினாள். "அந்தக் கிடா எப்படித்தான் உங்களோட பந்தல்குடி வரைக்கும் போச்சோ" என்றாள்.

இரண்டாம் முறை வண்டி நேராகப் போனது. தங்கச்சிமடம் போகிற ரோடு. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் மணல்மேடு. தீவு, தீவு என்று பத்து நாளாக அவன் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி இடம் உடைமரமாகத்தான் இருந்தது. "இதைப் பாக்கவா அத்தான் ரயிலேறி வந்தோம்? நம்ம கண்மாய்க்கரை முள்ளுதானே?" என்று வடிவு கேட்டாள். ஆனால் மணல்மேடு தாண்டியதும் கடல் தெரிந்தது. தோளிலிருந்த கை கொஞ்சம் அழுத்தியது. அவள் அதுவரை கடல் பார்த்ததில்லை. ரயில் பாலத்தைக் கடந்தது இருட்டில், கூட்டத்துக்கு நடுவில்.

வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். வடக்குக் கடல் கண்மாய் மாதிரி அடங்கிக் கிடந்தது. அங்கே மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவி இது பெண்கடல் என்றாள். தெற்கே போனால் ஆண்கடலாம், அது எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்குமாம். "வீட்டுல மாதிரியே வச்சிருக்காக" என்றாள் வடிவு.

கடலிலிருந்து இருபதடி தள்ளி மணலில் ஒரு குழி தோண்டி, அதிலிருந்து அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வடிவு குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கை. "இனிக்குது அத்தான்! இவ்வளவு உப்புக்குப் பக்கத்துல எப்படி இனிக்குது?" ஐயாத்துரை பி.ஏ.யில் படித்ததை வைத்து விளக்க ஆரம்பித்தான். அவள் அதற்குள் திருச்சுழித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, அந்தச் செம்பில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தென்னை நிழலில் தூக்குவாளியைத் திறந்தாள். பச்சரிசிச் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். பொங்கல் வாரத்தில் இதென்ன, வெங்காயம்கூட இல்லாத சமையல் என்று நினைத்தான். வெளியூர் வருவதால் கெட்டுப்போகாததாகப் பார்த்துச் செய்திருப்பாள் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான்.

அந்த ஒரு காலை நேரம் ஐயாத்துரையின் படம் அப்படியே நடந்தது. அவன் ஓட்டினான், அவள் உட்கார்ந்திருந்தாள், முந்தானை அடித்தது. வழியில் பார்த்த எல்லாவற்றையும் பற்றி அவள் பேசினாள். படகைப் பற்றி, கொக்கைப் பற்றி, பெரியவள் கணக்கில் மக்காக இருப்பதைப் பற்றி. பத்து வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. வீட்டில் பேசினால் நாலு பேர் காதில் விழும். நடந்துபோகும்போது நாலடி தூரம். இங்கே காதுக்குப் பின்னாலேயே வாய் இருந்தது.

திரும்பி ராமர் பாதம் போகிற பாதைக்கு வந்தபோது எதிரே ஒரு குதிரைவண்டி வந்தது. வண்டியின் முன்பக்கம் தொங்கிய கால்களை ஐயாத்துரைக்குத் தெரியும். அந்தக் கால்களுக்கு மேலே இருந்த தொப்பையையும் தெரியும். எதிர்த்த கடை சுப்புராஜ் அண்ணாச்சி.

இந்த இடத்தில் ஐயாத்துரை என்ன செய்தான் என்பதை அழகாகச் சொல்ல வழியில்லை. வண்டியை உடைமரக் கூட்டத்துக்குள் திருப்பினான். முள் சடசடவென்று முறிந்தது. நின்றதும், "இறங்கு, இறங்கு, அந்த மரத்துக்குப் பின்னால போ" என்றான். வடிவு ஒன்றும் புரியாமல் தூக்குவாளியோடு போய் நின்றாள். அதே நேரம் முன் சக்கரத்திலிருந்து காற்று நிதானமாக இறங்கியது. உடைமுள்ளுக்கு எங்கள் ஊரிலும் தீவிலும் ஒரே குணம்தான்.

குதிரைவண்டி நின்றது. சுப்புராஜ் அண்ணாச்சி ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இறங்கி வந்தார்.

"ஏலே ஐயாத்துரை! நீயாலே? உங்கய்யா கடையில கல்லு மாதிரி உக்காந்திருக்காரு, நீ யாருக்குலே எள்ளும் தண்ணியும் விட வந்தே?"

"என்ன அண்ணாச்சி சொல்றீக?"

"தை அமாவாசைலே இன்னைக்கு! நம்ம பஜாரே இங்கதான் இருக்கு. மேலத்தெருக்காரன் பூராவும் அக்கினி தீர்த்தத்துல முங்கிட்டுக் கெடக்கான்."

தகப்பன் உயிரோடு இருப்பதால் ஐயாத்துரைக்கு அமாவாசையோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. அது எந்தக் கிழமை வருகிறது என்று அவன் பார்த்ததே இல்லை. மறைந்துகொள்ள ஒரு தீவைத் தேடியவன், வருஷத்தில் ஊரே அங்கே வந்து சேருகிற நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"தனியாவா வந்தே?" என்றார் அண்ணாச்சி.

"தனியாத்தான் அண்ணாச்சி" என்றான் ஐயாத்துரை.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதில் விழுந்தது. பத்தடி தள்ளி மரத்துக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. வடிவு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தலைமுடியில் ஒரு முள்குச்சி மாட்டியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மதினி வரலையா?"

குதிரைவண்டிக்குள்ளிருந்து அண்ணாச்சியின் பெண்சாதி சுந்தராம்பாள் தலையை நீட்டினாள். "இந்தா இருக்கேன் வடிவு. தனியா வந்த ஆளுக்கு சோத்துவாளி எப்படி வந்துச்சுன்னு பாத்துட்டு இருக்கேன்."

சுப்புராஜ் அண்ணாச்சி வடிவைப் பார்த்தார், ஐயாத்துரையைப் பார்த்தார், காற்று இறங்கிய சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "ஏலே, இந்தத் தீவுல பொண்டாட்டி மரத்துக்குப் பின்னால முளைக்குமாலே? ராமருக்கே முளைக்கலையே! பாலம் கட்டில்ல போய்த் தேடுனாரு!"

சிரிப்பு அடங்காமலே அவர் வண்டியேறிப் போனார். ஐயாத்துரை மண்ணில் உட்கார்ந்து ஸ்டெப்னியைக் கழற்றினான். சக்கரத்தை மாற்றி முடித்துவிட்டு, "ஏறு வடிவு" என்றான்.

"நடந்து வாரேன்."

"வெயில் ஏறுது."

"தப்பான ஆளு கூட வந்தவளாட்டம் என்னை மரத்துக்குப் பின்னால நிக்க வச்சிட்டீகளே, அத்தான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"நீ கூச்சப்படுவேன்னுதான்..."

"நான் எப்பக் கூச்சப்பட்டேன்?"

அவன் யோசித்துப் பார்த்தான். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

"வண்டி வந்த அன்னைக்கு நான் புதுச் சேலை கட்டிட்டு வாசல்ல நின்னேன். நீங்க பிண்ணாக்கு மூட்டைய ஏத்திட்டுப் போனீக. அதுக்கப்புறம் ஒரு மாசம் தினமும் தலை சீவிப் பூ வச்சிட்டு நின்னேன். அத்தை கூடக் கேட்டாக, எங்க கிளம்பிட்டேன்னு. பொறவு நின்னு என்ன செய்யன்னு விட்டுட்டேன்."

ஐயாத்துரை பேச்சை மாற்றி, "அமாவாசைன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"பச்சரிசிச் சோறும் வாழைக்காயும் மூணு தரம் போட்டுத் தின்னுட்டுக் கேக்குறீகளே."

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"சொன்னா நாளை மாத்திருப்பீக. ஊரு பூரா வரும்னு தெரிஞ்சுதான் வந்தேன். நம்ம ஊருல ஏத்த மாட்டீக, சரி. நம்ம ஊரு ஆளுக பாக்க இங்கயாவது ஒரு தரம் ஏத்திட்டுப் போவீகன்னு நினைச்சேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "இனி நான் இதுல ஏறணும்னா நம்ம பஜார்ல, மாமா இருக்கும்போது, நீங்க வாய்விட்டுக் கூப்பிடணும். முடியலைன்னா பிண்ணாக்கே ஏறட்டும். எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகாது."

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அவள் நடந்தே தீவைப் பார்த்தாள். ராமர் பாதம் மேட்டில் ஏறி நாலு பக்கமும் கடலைப் பார்த்தாள். கரையில் இறங்கி முழங்கால் வரை நனைந்தாள். சிப்பி பொறுக்கினாள். வழியில் கண்ட ஊர்க்காரர்களிடமெல்லாம் நின்று பேசினாள். அவளுக்கு நாலடி பின்னால் ஐயாத்துரை, நல்ல ஓட்டத்தில் இருந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனான். மேலத்தெருக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "வண்டி ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றான். ரிப்பேர் வண்டியில் என்று மட்டும் அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மானாமதுரையில் வடிவு திருச்சுழிக்கு ரயிலேறினாள். அவன் நரிக்குடி வழியாகத் தனியாக வந்தான். நரிக்குடி விலக்கில் ஒரு பெரியவர் கை காட்டி, "திருச்சுழி வரைக்கும் விட்ருப்பா" என்றார். "ஆளு வருதுய்யா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்தான். பின் சீட்டுக்கு ஆள் இருப்பதாக அவன் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு கிழவரிடம்தான்.

அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். லோடு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குத் தலைவலி. புதன்கிழமைக்குள் சுப்புராஜ் அண்ணாச்சி கதையைப் பஜார் முழுக்கப் பரப்பிவிட்டார். சைக்கிள் கடைக்காரர், டீக்கடைக்காரர், தபால்காரர் வரைக்கும் எல்லோரும் "என்ன தனியாத்தான், சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள். அந்தப் பட்டம் சுவரில் மாட்டிய பட்டத்தைவிடச் சீக்கிரம் ஊரில் பிரபலமானது. வடிவு வீட்டில் எப்போதும் போலச் சமைத்தாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கூப்பிடவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தோள் வேறு காலியாக இருப்பது போல் இருந்தது. ஒரு காலை நேரம் இருந்த கை அது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, பஜார் நிறைந்திருக்கும் நேரத்தில், ஐயாத்துரை வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் வெள்ளத்துரை விசிறிக்கொண்டிருந்தார். எதிரே சுப்புராஜ் அண்ணாச்சி வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். ஐயாத்துரை ஹாரனை அமுக்கினான். இன்னொரு தரம் அமுக்கினான்.

வெள்ளத்துரை திரும்பினார். "ஹாரன் அடிச்சா லோடு இறக்குற ஆளுதாம்லே வருவான். யாரு வேணும் உனக்கு?"

"வீட்ல..."

"வீட்ல நாலு பேரு இருக்காக. யாரு?"

அந்தப் பஜாரில் யாரும் அதுவரை பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா", "ஏ", "உள்ள யாரு" என்பதோடு சரி. ஐயாத்துரை கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் பஜார் மறைந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

"வடிவு!" என்றான். பயத்தில் குரல் தேவைக்கு மேல் பலமாக வந்துவிட்டது. வெல்லத் தராசு ஆடி நின்றது. டீக்கடையில் ஒருவன் கிளாசைக் கீழே வைத்தான்.

வடிவு வருவதற்குள் ஐயாத்துரைக்கு அந்த மூன்று நாளும் திரும்ப ஒரு தரம் கழிந்தது. பிறகு வடிவு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். புதுச் சேலை இல்லை, பூ இல்லை. அடுப்படியில் கட்டியிருந்த அதே சேலை. மாமனாரைக் கடந்து வந்து, ஏறி உட்கார்ந்து, புருஷன் தோளில் கை வைத்தாள்.

ஐயாத்துரை அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை. முதுகில் இடி விழப்போகிறது என்று காத்திருந்தான்.

"பிள்ளே" என்றார் வெள்ளத்துரை மருமகளிடம். "முந்தானைய நல்லா இழுத்துச் செருகிக்கோ. சக்கரத்துல மாட்டிக்கிடும்."

சொல்லிவிட்டு விசிற ஆரம்பித்தார். இரண்டரை வருஷமாக ஐயாத்துரை பயந்த பயம் அவ்வளவுதான்.

சண்முகவடிவு எழுபத்தெட்டு ஐப்பசியில் போனாள். நாலு நாள் காய்ச்சல். வண்டி வந்து ஒன்பது வருஷம் அவள் இருந்தாள். அதில் முதல் இரண்டரை வருஷத்தை ஐயாத்துரை பிண்ணாக்குக்கும் ஒரு கிடாவுக்கும் கொடுத்திருந்தான். வேறு யாரும் அவனைக் கெடுக்கவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை அதெல்லாம் தெரியாது. பஜார் முனை தாண்டும் வரை சுப்புராஜ் அண்ணாச்சி என்னவோ கத்திக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஊர் எல்லை வந்ததும் வடிவு கேட்டாள், "எங்க அத்தான் போறோம்?"

கூப்பிடுவதைப் பற்றியே மூன்று நாள் யோசித்தவன், கூப்பிட்டு எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கவே இல்லை.

"பரளச்சி வரைக்கும் போயிட்டு வருவோமா?"

"பரளச்சியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"சரி" என்றாள். அது எந்த வகைச் "சரி" என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது.

பரளச்சியில் ஒன்றும் இல்லை. அறுத்துப் போட்ட கம்பந்தட்டையும், வெயிலும், பருத்திச் செடிக்குள் நாலு ஆடும் இருந்தன. இரண்டு பேரும் இறங்கி நின்று அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, நிதானமாக வந்தார்கள்.